நாயா, வெயிலா, லாரியா?

வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் சைக்கிள் ட்ரெய்னர் கேட்டு யார் என் கடைக்கு வந்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினான்கு வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கருவியை முப்பது பேருக்காவது விற்றிருப்பேன். அதில் இருபது இன்றைக்கு ஈரத் துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருக்கிறது. சர்வீஸுக்கு என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஹேண்டில்பாரில் அண்டர்வேர் தொங்கும். அந்த வீட்டுக்காரர் அதை எடுக்க மாட்டார், எனக்கும் எடுக்கக் கை வராது. இரண்டு பேரும் அதைப் பார்த்தபடியே நின்று புளூடூத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

வருகிறவர்களும் ஒரே மாதிரிதான். யாரோ ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு பேசிய வீடியோவை நாலு நாள் பார்த்துவிட்டு வந்து, அவன் சொன்னதை என்னிடமே ஒப்பிப்பார்கள். தொப்பையைத் தடவிக்கொண்டே "இருபது பர்சன்ட் ஏத்தம் குடுக்குமாண்ணே?" என்று கேட்பார்கள். யானைமலையில் ஏறப் போகிறவர் மாதிரி. இவர் வீட்டு மாடிப்படியே இவருக்குப் பெரிய ஏற்றம்.

அதனால் நான் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "நாயா, வெயிலா, லாரியா?" நல்ல ரோடு இருக்கும்போது ஒருவர் வீட்டுக்குள் போய் மிதிப்பதற்கு மதுரையில் இந்த மூன்றைத் தவிர நான்காவது காரணம் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாய் என்றால் பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கச் சொல்வேன். வெயில் என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பச் சொல்வேன். லாரி என்றால் மட்டும்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பேன்.

விக்ரமிடமும் அதையே கேட்டேன். காரணம் தெரிந்துகொண்டே கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

விக்ரமுக்கு முப்பத்தாறு வயது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். எதையும் இரண்டு தடவை பார்ப்பான், பார்த்ததை வாய்விட்டுச் சொல்வான். டயருக்குக் காற்றடித்து முடித்தால் "எண்பத்தஞ்சு, எண்பத்தஞ்சு" என்று அவனுக்கே சொல்லிக்கொள்வான். தொழிலில் வந்த பழக்கம். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் தொடங்கியவன். ஆறு வருடத்துக்கு முன்னால் என் கடையில்தான் ரேஸ் சைக்கிள் வாங்கினான். வாங்கிய மறு வாரமே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தான்.

நாங்கள் பதினோரு பேர். விடிவதற்குள் கிளம்பி நாகமலை, கீழக்குயில்குடி என்று சுற்றுவோம், இல்லாவிட்டால் திருமங்கலம் தாண்டிப் பேரையூர் ரோட்டில் போய்த் திரும்புவோம். அந்த ரோடு முழுக்கப் பொட்டல். எதிர்காற்று அடித்தால் முகத்தில் மண்ணை வாரி இறைக்கும். முன்னால் ஒருவன் போய்க் காற்றை வாங்கிக்கொண்டால், பின்னால் ஒட்டி வருகிறவர்களுக்குப் பாதி பாரம் குறையும். எங்கள் கூட்டத்தில் அந்த முன்னால் போகிறவன் எப்போதும் விக்ரம்தான். யாரும் அவனைப் போகச் சொன்னதில்லை. யாரும் அவனை மாற்றிவிட்டதும் இல்லை. ஆறு வருடம் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துதான் நாங்கள் பத்துப் பேரும் பேரையூர் போய் வந்திருக்கிறோம்.

அவன் என்ன சாதி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்டதில்லை, ஆனாலும் தெரியும். எங்கள் ஊரில் அது எப்படித் தெரியும் என்று கேட்கிறவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க முடியாது. தெரிந்தும் தெரியாதது போல இருப்பதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நாள் கழித்துத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். கூட்டத்தில் மற்ற ஒன்பது பேரையும் நான் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். விக்ரமை மட்டும் தம்பி என்பேன். மாப்ள என்றால் பெண் கொடுத்து எடுக்கிற முறை. என் நாக்கு அதை என்னைக் கேட்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பங்குனி மாதம் ஒரு சாயங்காலம் அவன் கடைக்கு வந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அவன் எங்களோடு வரவில்லை. கையில் ஒரு நோட்டு.

"என்ன தம்பி, ஆளையே காணோம்?"

"ட்ரெய்னர் ஒண்ணு பாக்கணும்ணே."

"நாயா, வெயிலா, லாரியா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "மூணும் இல்லண்ணே. மெஷினைக் காட்டுங்க."

காரணம் இதுதான். மாசி மாதம் என் தாய்மாமா விருமாண்டி வீட்டில் கிடாவெட்டு. பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரை மட்டும் திட்டிவிட்டு, உங்கள் ஊரை நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். "ஒன் சைக்கிள் கூட்டத்தையும் கூட்டிட்டு வாடா, ஊரே பாக்கட்டும்" என்றார் மாமா. எனக்கு ஒரே பெருமை. பதினோரு பேர், ஒரே நிறத்தில் பனியன், ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுவிட்டால் எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். நாற்பத்தாறு வருடம் அந்த மனுஷர்களுக்குள்ளேயே வளர்ந்த நானே அப்படி நினைத்தேன் என்றால் என்னைவிட மடையன் யார்? அங்கே பந்தியில் புது ஆள் உட்கார்ந்தால் நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டார்கள். யாரு மகன் என்றுதான் கேட்பார்கள்.

மாமா வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டு, ஏதாவது ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, முதுகில் தட்டிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். விக்ரமின் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி யாரு மகன்?"

மதுரை என்று சொல்லி அவன் நிறுத்தியிருக்கலாம். கிட்ட உட்கார்ந்திருந்த நான் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். "சின்னான் மகனுங்க. இந்த ஊருதான், கெழக்கால காலனி. நாங்க மதுரைக்குப் போயி இருபத்தஞ்சு வருசமாச்சு" என்றான் விக்ரம். அவன் சொந்த ஊர் அதுதான் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

மாமா முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அட, நம்ம சின்னான் மகனா! எம்புட்டுப் பெரிய ஆளாயிட்ட!" நம்ம மாடு, நம்ம கிணறு என்று சொல்வாரே, அதே நம்ம. அவன் அப்பா இருபது வருடம் மாமாவின் வயலில் வேலை செய்தவர்.

இலையை விட்டு எழுப்பவில்லை. கறியும் குறைவாக வைக்கவில்லை, இரண்டு தடவை வைத்தார்கள். ஆனால் அவன் இலைக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை என் அத்தை எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்தில் ஒரு பேப்பர் கப்பை வைத்தார். வைத்துவிட்டு, "கூச்சப்படாம சாப்புடுப்பா" என்று அன்பாக வேறு சொன்னார். பந்தியில் வேறு யாருக்கும் பேப்பர் கப் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எலும்பைக் கடித்தேன்.

கிளம்பும்போது மாமா அவன் பக்கத்தில் வந்தார். ரகசியம் பேசுகிற குரல்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. மந்தை தாண்டுற வரைக்கும் எறங்கி உருட்டிட்டுப் போயிரு. இன்னைக்குச் சாமி நாளு, பெருசுக எல்லாம் உக்காந்திருக்காக. எனக்கு ஒண்ணும் இல்ல. அவகளுக்காகத்தான் சொல்றேன்."

விக்ரம் என்னைப் பார்த்தான். மாமாவை அல்ல, என்னை. நான் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கு எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

அவன் இறங்கினான். ரேஸ் சைக்கிள் ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டிக்கொள்ள ஒரு கட்டை இருக்கும். நடந்தால் சிமெண்ட் ரோட்டில் டக் டக்கென்று கேட்கும். அந்தச் சத்தத்தோடு முந்நூறு மீட்டர் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் பத்துப் பேரும் ஏறி மிதித்துப் போனோம். ஊர்ப் பொது இடமான மந்தையில் உட்கார்ந்திருந்த பெருசுகள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன்.

தார் ரோட்டுக்கு வந்து நின்றோம். முத்திருளன் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவன், வீட்டுமனை புரோக்கர், வாய் சும்மா இருக்காது. "என்ன மாப்ள, விக்ரம் வாக்கிங் வாரான்?" என்றான்.

"செயின் கழண்டுருச்சு" என்றேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள் விக்ரம் பக்கத்தில் வந்துவிட்டான். அவன் காதில் விழுந்தது. ஏறி முன்னால் போனான். திரும்பி வரும்போது எதிர்காற்று. அன்றைக்கும் காற்றை வாங்கியது அவன்தான். அன்றைக்கும் நான் அவன் முதுகுக்குப் பின்னால்தான் வந்தேன்.

நாங்கள் எல்லோரும் சவாரியைப் போன் ஆப்பில் பதிவு செய்வோம். யார் எங்கே என்ன வேகத்தில் போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். அன்று வீட்டுக்கு வந்ததும் விக்ரமின் பதிவைத் திறந்து பார்த்தேன். முப்பது, முப்பத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்த கோடு அந்த ஊரில் மட்டும் நாலுக்கு இறங்கி, முந்நூறு மீட்டர் தரையோடு கிடந்தது. அவன் அதை அழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த வாயால்தான் நான் அவனிடம் நாயா, வெயிலா, லாரியா என்று கேட்டேன்.

ட்ரெய்னரில் இரண்டு வகை. ஒன்றில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். டயரை ஓர் உருளையில் அழுத்தி வைத்து மிதிக்க வேண்டும். விலை குறைவு. ஆனால் டயர் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும், சூடேறினால் ரப்பர் நாறும், மாவு மில் சத்தம் வரும். மாடி வீடு என்றால் கீழே இருக்கிறவர் கம்பை எடுத்துக்கொண்டு வருவார். இன்னொன்று டைரக்ட் டிரைவ். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, செயினை நேராக மெஷினின் பல்சக்கரத்தில் மாட்டுவது. சத்தம் கிடையாது, கனமாக இருக்கும், விலையும் அப்படித்தான். இரண்டுமே காலின் சக்தியை வாட் கணக்கில் அளந்து போனுக்கு அனுப்பும். திரையில் ரோடு ஏறினால் மெஷின் தானாக இறுகும்.

விக்ரம் நோட்டைத் திறந்து வரிசையாகக் கேட்டான். ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை ஊர் ரோடு திரையில் வரும் என்று கேட்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"எம்புட்டுத் தப்பாக் காட்டும்?"

"டயர் வச்சு ஓட்டுறது அஞ்சு பர்சன்ட் முன்னப்பின்ன இருக்கும். நல்ல டைரக்ட் டிரைவ்னா ஒண்ணு, ரெண்டு."

"எங்க வேலையில அஞ்சு பர்சன்ட் பொய் சொன்னா ரயிலோட ரயிலு மோதிரும்ணே" என்றான். "பொய் சொல்லாத மெஷினா ஒண்ணு எடுங்க."

பொய் என்று சொல்லும்போது அவன் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் காது சுட்டது.

மூன்று சாயங்காலம் வந்தான். கடையில் சக்தி அளக்கும் பெடல் ஒரு ஜோடி இருந்தது. அதை அவன் சைக்கிளில் மாட்டச் சொன்னான். பெடல் ஒரு எண்ணைக் காட்டும், மெஷின் ஓர் எண்ணைக் காட்டும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். டயர் வைத்து ஓட்டுவது பத்து நிமிடத்திலேயே தோற்றது. சூடேற ஏற அதன் எண் இறங்கிக்கொண்டே போனது. அடுத்தது நடுத்தர விலையில் ஒரு டைரக்ட் டிரைவ். என் கடையில் அதிகம் போவது அதுதான். பெடல் நூற்றெண்பது என்றால் அது இருநூறு என்றது.

"இது நம்மளச் சந்தோசப்படுத்துதுண்ணே" என்றான் விக்ரம்.

"அதனாலதான் எல்லாரும் இத வாங்குறாங்க."

"வேணாம்."

மூன்றாவது கனமான மெஷின், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதோடு பல்சக்கரம் வராது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நூற்றெண்பதுக்கு நூற்றெண்பத்தொன்று காட்டியது. கரண்ட்டை நிறுத்திப் பார்த்தான், மறுபடி போட்டுப் பார்த்தான். "நூத்தெண்பத்தொண்ணு, நூத்தெண்பத்தொண்ணு" என்று சொல்லிக்கொண்டான். அது ஒன்றையாவது அவன் நம்பினான்.

கடைசி நாள் அவன் மனைவி சரண்யாதேவியும் வந்திருந்தார். நர்ஸ். ட்யூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தார். விக்ரம் உள்ளே மிதித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ரோட்டுல எதுவும் ஆச்சாண்ணே? ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா நாலு மணிக்கே எந்திரிச்சு ஓடுவாரு. இப்ப ஒரு மாசமா சைக்கிள வெளிய எடுக்கவே இல்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு."

"ஒண்ணும் இல்லம்மா. வெயிலு. பங்குனி வெயிலு தாங்காதுல்ல" என்றேன்.

விடியாமல் கிளம்புகிறவர்களுக்கு என்ன வெயில்? அவருக்கும் அது தெரியும். மேலே கேட்காமல் தலையை ஆட்டினார். எனக்கு வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது என் வேலை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், ஆனால் போகாமல் இருந்தால் விக்ரம் என்ன நினைப்பானோ என்று பயமாக இருந்தது. கடையிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாடியில் வாடகை வீடு. ஹாலில் ஒரு மூலையில் ரப்பர் விரிப்பு போட்டுத் தயாராக வைத்திருந்தான். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அப்பா சின்னான் என்று சொல்லாமலே தெரிந்தது. அதே நெற்றி.

"வாங்க தம்பி. எந்த ஊரு?" என்றார்.

பழக்கம் என்பது எவ்வளவு கேவலமான சாமான். கேட்ட உடனே என் வாய் ஒப்பித்தது. "மதுரதாங்கய்யா. அம்மாவுக்குத்தான் பேரையூர்ப் பக்கம். விருமாண்டி எனக்குத் தாய்மாமா."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"விருமாண்டி ஐயா மருமகனா?"

"ஐயா, நீங்க உக்காருங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"அப்பா, உக்காருப்பா" என்றான் விக்ரம். தரையில் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. அவர் உட்காரவில்லை. நான் அந்த வீட்டில் இருந்த முக்கால் மணி நேரமும் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காலியாகக் கிடந்தது. நானும் அதில் உட்காரவில்லை. உட்காராமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் இல்லை.

"நம்ம வீட்டுல காப்பி குடிப்பீகளா?" என்று பெரியவர் கேட்டார்.

குடிப்பேன் என்றேன். சரண்யாதேவி கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளர், பளபளவென்று, அநேகமாக அந்த வீட்டிலேயே நல்ல டம்ளர் அதுதான். எனக்கு யாரும் பேப்பர் கப் வைக்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை பெரியவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வைத்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

பல்சக்கரத்தை மாட்டி, சைக்கிளை ஏற்றி, போனில் ஆப்பைத் திறந்தோம். அதில் பெயர் கேட்கும். திரையில் நம்மைப் போல எங்கெங்கோ வீட்டுக்குள் மிதிக்கிறவர்கள் ஒரே ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் பெயர் தெரியும்.

"என்ன பேரு போட? விக்ரம்னு மட்டும் போட்டாப் போதும்" என்றேன்.

அவன் போனை வாங்கி அவனே அடித்தான். விக்ரம் சின்னான். "யாரு மகன்னு கேக்குறதுக்கு முன்னாடியே போட்டுருவோம்ணே" என்றான்.

ஏறி மிதிக்கத் தொடங்கினான். போனோடு இணைத்த டிவி திரையில் ஏதோ மலை ரோடு, ஓரத்தில் பனி. நூற்றைம்பது, நூற்றெழுபது என்று எண் ஏறியது. மெஷினிலிருந்து ஒரு சின்ன இரைச்சல் மட்டும் வந்தது. மின்விசிறிக் காற்று அவன் முகத்தில் அடித்தது. பெரியவர் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்து, சைக்கிளின் முன்சக்கரத்தையும் மகனின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது எங்கயும் போகாதா தம்பி?"

"போகாதுய்யா. நின்ன எடத்துலயேதான் ஓடும்."

"எம்புட்டு மிதிச்சாலும்?"

"எம்புட்டு மிதிச்சாலும்."

அவர் சைக்கிளின் சட்டத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப யாரும் எறங்குன்னு சொல்ல முடியாது. நல்லதாப் போச்சு. இதையே ஓட்டுப்பா."

மாசி மாதம் நடந்தது அவருக்குத் தெரியாது. விக்ரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னது அவருடைய சைக்கிளைப் பற்றி. எத்தனையோ வருடம் மந்தை தாண்டும் வரை உருட்டிக்கொண்டு போன சைக்கிளைப் பற்றி. விக்ரமின் கால் நின்றது. திரையில் எண் இறங்கி இறங்கிச் சைபருக்கு வந்தது. சரண்யாதேவி அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெயில் என்று அவரிடம் சொன்னது நான்தானே. அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கீழே குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

விக்ரம் என்னைக் கீழே வரை கொண்டுவந்து விட வந்தான். படியில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும், உடனே செய்ய வேண்டும் என்று இருந்தது. பாவம் செய்தவனுக்கு வருகிற அவசரம் அது. அதில் பாதி எனக்காகத்தான்.

"நான் மாமாகிட்டப் போய்க் கேக்குறேன்" என்றேன்.

"கேட்டா ஒங்களுக்கு மனசு லேசாகும்ணே. கேளுங்க."

"சரி, ஞாயித்துக்கெழம வா. நான் ரூட்ட மாத்திடுறேன். இனிமே அந்த ஊருப் பக்கமே போக வேணாம். சுத்திப் போயிரலாம்."

விக்ரம் படியில் நின்றான். கோபமே இல்லாமல்தான் பேசினான். கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"எங்கப்பாவுக்கும் இதத்தாண்ணே சொன்னாக. ஊருக்குள்ள வராத, கம்மாக்கரை வழியாச் சுத்திப் போயிருன்னு." பிறகு என் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு எஞ் செயின் கழறலண்ணே."

"தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். வேற யாருக்காவது தெரியுமா?"

நான் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு நிமிடம் காத்திருந்தான். அவன் காத்திருந்தது ஒரு பதிலுக்காகத்தான், அதைச் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கவும் கூடும். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். போனில் எங்கள் குழுவில் முத்திருளன் கேட்டிருந்தான். "விக்ரம் ட்ரெய்னர் வாங்கிட்டானாமே? ரோட்ட விட்டுட்டு எதுக்கு மாப்ள? நாய்த் தொல்லையா?" விக்ரமும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான்.

முழுதையும் எழுதினேன். பேப்பர் கப்பை எழுதினேன், மந்தையை எழுதினேன், மாமா பெயரை எழுதினேன், செயின் கழன்றதாக நான் சொன்னது பொய் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். சித்திரையில் மாமா மகள் முனீஸ்வரிக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் பெயர் போட்டிருக்கிறது. குழுவில் நாலு பேர் மாமாவுக்குச் சொந்தம். ஒவ்வொரு வரியாக அழித்தேன். அழித்து முடித்ததும் "ஆமா மாப்ள, நாய்த் தொல்லைதான்" என்று அனுப்பினேன்.

அனுப்பியதை யார் யார் பார்த்தார்கள் என்று அந்தக் குழுவில் தெரியும். அழுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்திருந்தது. விக்ரம்.